வாடகையைக் கேட்கும் முன் கட்டிடத்தின் வயதைக் கேளுங்கள்

கேட்கப்பட்டது இதுதான்: "ஐந்து வருடமாக ஆஸ்டினில் இருக்கிறோம். கணவருக்கு சன்னிவேலில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலையில் சேர வேண்டும். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. இருவருக்கும் எச்-1பி விசா. மகள் இந்த ஆகஸ்டில் கிண்டர்கார்டன். ஆஸ்டினில் வாடகை இறங்கிக்கொண்டு வருகிறது. சாண்டா கிளாரா கவுண்டியிலும் கொஞ்சம் பொறுத்தால் இறங்குமா? 3,500 டாலருக்குள் இரண்டு பெட்ரூம் வருமா? கூபர்டினோவிலேயே எடுத்தாக வேண்டுமா? லீஸ் ஒரு வருடமா, இரண்டு வருடமா?"

கலிஃபோர்னியாவில், சன்னிவேலும் சான் ஹோசேயும் அடங்கிய இந்தக் கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நான் 2006-ல் வந்தேன். இதுவரை ஐந்து வாடகை வீடு பார்த்தாயிற்று. சாண்டா கிளாரா நகரத்தில் இரண்டு, மவுண்டன் வியூவில் ஒன்று, சான் ஹோசேயில் இரண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஆஸ்டின் கணக்கு. அங்கே வாடகை இறங்கியதற்குக் காரணம் ஆள் குறைந்தது அல்ல. 2021, 2022-ல் விலை ஏறியபோது ஆயிரக்கணக்கில் அபார்ட்மென்ட் கட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் 2023-க்குப் பிறகு ஒரே நேரத்தில் வாடகைக்கு வந்து நின்றன. காலி வீடு கண்ணெதிரே நின்றால் ஓனர் இறங்கி வரத்தான் வேண்டும். இங்கே அந்தக் கதை நடக்காது. சான் ஹோசேயில் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் சுமார் 94 சதவீதம் தனி வீட்டுக்கு மட்டுமே என்று பல ஆண்டுகளாக இருந்தது. மேற்கே மலை, கிழக்கே மலை, வடக்கே வளைகுடா. 2023 முதல் 2031 வரை சான் ஹோசே மட்டும் 62,200 வீடுகளுக்குத் திட்டமிட வேண்டும் என்று மாநிலம் இலக்கு கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வருகிறது. கட்டுமானம் அதற்கு வெகு தூரத்தில் நிற்கிறது. வட்டி ஏறியதும், அனுமதி வாங்கிய திட்டங்களே வேலி போட்ட காலி மனைகளாக நின்றுவிட்டன. நார்த் சான் ஹோசே பக்கம் கார் ஓட்டினால் அந்த வேலிகளைப் பார்க்கலாம்.

அப்படியென்றால் இங்கே வாடகை இறங்கியதே இல்லையா? இறங்கியிருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. இங்கே வாடகையைக் கீழே தள்ளுவது புதிய கட்டிடம் அல்ல, வேலை போவதுதான். 2001-ல் டாட்காம் சரிந்தபோது பலர் ஊரை விட்டே போனார்கள், வாடகையும் கூடவே சரிந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள், "முதல் மாதம் இலவசம், டிவியும் இலவசம்" என்று பேனர் தொங்கிய காலம் அது என்று இன்றும் சொல்வார்கள். 2009-ல் ஒரு சின்னச் சறுக்கல். பிறகு 2010 முதல் 2015 வரை ஓட்டமான ஓட்டம். அந்த ஐந்து வருடத்தில்தான் சாதாரண இரண்டு பெட்ரூம் வாடகை ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் சொல்லக்கூடாத எண்ணாக மாறியது. அப்புறம் 2020.

2020-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கவுண்டியின் சந்தை எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு வருடம் காட்டிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் மவுண்டன் வியூ, சன்னிவேல், நார்த் சான் ஹோசேயில் இருந்த பளபளப்பான புதிய அபார்ட்மென்ட்கள் மளமளவென்று காலியாயின. அலுவலகத்துக்குப் பக்கம் என்பதற்காகத்தானே அந்த விலை? ஆறு வாரம் இலவசம், எட்டு வாரம் இலவசம் என்று கூவினார்கள். ஆனால் கிழக்கு சான் ஹோசேயின் பழைய இரண்டு மாடிக் கட்டிடங்களில் வாடகை பெரிதாக அசையவில்லை. அங்கே இருந்தவர்கள் உணவகத்திலும் கிடங்கிலும் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாக்ரமென்டோ போக அவர்களால் முடியாது. ஆக, சந்தை இறங்கும்போது மேல்தட்டு வீடுதான் இறங்கும், கீழ்த்தட்டு வீடு நின்ற இடத்தில் நிற்கும். 2022 வாக்கில் இறங்கியதெல்லாம் பெரும்பாலும் திரும்ப ஏறிவிட்டது. அந்த நவம்பரில் தொடங்கி பெரிய கம்பெனிகள் ஆள் குறைத்தபோதும் 2001 போலச் சரியவில்லை, மட்டமாக நின்றது. அலுவலகத்துக்கு வாரம் மூன்று நாள் வா என்று கூப்பிட ஆரம்பித்ததும், பின்னால் ஏஐ அலை வந்ததும் மறுபடி மெதுவாக ஏறுமுகம்.

எனவே இறங்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு காத்திருப்பு மட்டும் பலிக்கும்: பருவம். மே முதல் ஆகஸ்ட் வரை உச்சம். பட்டம் முடித்தவர்கள், இன்டர்ன்கள், பள்ளி திறக்கும் முன் மாறும் குடும்பங்கள் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை அதே வீடு மாதம் நூறு, இருநூறு குறைவாகக் கிடைக்கும். உங்களுக்கு ஜூலையில் வந்தாக வேண்டும், ஆகவே அந்த லாபம் இந்த வருடம் இல்லை. அடுத்த வருடத்துக்கு அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இனி 3,500. நான் பார்த்தவரை தோராயமான நிலவரம்: சன்னிவேல், சாண்டா கிளாரா, மவுண்டன் வியூவில் புதிய அபார்ட்மென்ட் என்றால் இரண்டு பெட்ரூம் 3,700-க்குக் குறைந்து பார்ப்பது கஷ்டம், 4,500-ஐத் தாண்டியும் போகும். அதே ஊர்களில் 1960, 70-களில் கட்டிய கட்டிடம் என்றால் 2,900 முதல் 3,400 வரை. சான் ஹோசேயில் பழையது 2,700-லிருந்து தொடங்கும். தெற்கே தள்ளி இருக்கும் மார்கன் ஹில், கில்ராய் இன்னும் குறைவு. ஆனால் காலையில் 101 நெடுஞ்சாலையில் வடக்கே வருவது தனித் தண்டனை. கணவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் அலுவலகம் போகிறார் என்றால் தவிர அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். ஆக 3,500-க்கு வீடு உண்டு. ஆனால் அது அலுவலகத் தோழர்கள் காட்டும் ஜிம்மும் கூரைத் தோட்டமும் உள்ள வீடு அல்ல.

அந்தப் பழைய வீடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பார்த்ததும் முகம் சுளிக்காமல் இருக்க. சாந்து பூசிய இரண்டு மாடி, நடுவில் ஒரு நீச்சல் குளம், அதைச் சுற்றி வளைந்து வரும் வராண்டா. கார் நிறுத்த மேலே தகரம் போட்ட ஒரு கார்போர்ட். அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டிசம்பரில் காலையில் அதன் உள்பக்கம் வியர்த்து நிற்கும். ஹாலில் மட்டும் சுவரில் பதித்த கேஸ் ஹீட்டர், பெட்ரூமுக்கு ஒன்றும் கிடையாது. ஏசி பெரும்பாலும் இருக்காது. துணி துவைக்க மாடிக்குக் கீழே பொது அறை. எங்கள் முதல் வீட்டில் அந்த மெஷின் கால் டாலர் காசு மட்டுமே வாங்கும். மனைவி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் டாலர் சேர்த்து வைத்திருப்பாள். சனிக்கிழமை காலையில் அந்தப் பாட்டில் குலுங்கும் சத்தம்தான் எங்கள் வீட்டு அலாரம். சமையல் வாசனை கார்பெட்டில் ஏறிக்கொள்ளும், புகைபோக்கி வெளியே போகாமல் அடுப்புக்கு மேலேயே சுற்றும். தாளிக்கும்போது ஸ்மோக் அலாரம் கத்தும். இதெல்லாம் உண்மை. ஆனாலும் உங்களுக்கு அந்த வீட்டைத்தான் சிபாரிசு செய்கிறேன், காரணம் வாடகை குறைவு என்பது மட்டும் அல்ல.

காரணம் இரண்டாவது வருடம். இந்தக் கவுண்டியில் முதல் வருட வாடகையை எல்லாரும் நன்றாகவே பேரம் பேசுகிறார்கள். அடிபடுவது லீஸைப் புதுப்பிக்கும் ரினியூவலில். அந்த ரினியூவலில் என்ன நடக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே விஷயம்: கட்டிடம் எந்த வருடம் கட்டியது. மூன்று எண்களை நினைவில் வையுங்கள்: 1979, 1995, 15.

சான் ஹோசே நகரத்துக்குள், 1979 செப்டம்பர் 7-க்கு முன் கட்டிய, மூன்று வீடோ அதற்கு மேலோ உள்ள அபார்ட்மென்ட் என்றால் நகரத்தின் வாடகைச் சட்டம் பொருந்தும். வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 2016 வரை அது 8 சதவீதமாக இருந்தது. முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இதில் வருகின்றன. நகரத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் அந்தக் கட்டிடம் இதில் வருமா என்று தெரியும். மவுண்டன் வியூவில் 2016 நவம்பரில் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம். 1995 பிப்ரவரி 1-க்கு முன் முதன்முதலாகக் குடியிருப்புக்குத் திறந்த அபார்ட்மென்ட்களுக்குப் பொருந்தும். விலைவாசியைப் பார்த்து வருடா வருடம் 2 முதல் 5 சதவீதத்துக்குள் ஓர் எண் அறிவிப்பார்கள், அதற்கு மேல் சாதாரணமாக ஏற்ற முடியாது.

சன்னிவேல், சாண்டா கிளாரா, கூபர்டினோவில் நகர அளவில் இப்படி உச்சவரம்பு இல்லை. கவுண்டி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே 15 நகரங்கள், சட்டம் தெரு தாண்டினால் மாறும். அங்கெல்லாம் மாநிலச் சட்டம்தான் கை கொடுக்கும். ஏபி 1482 என்று சொல்வார்கள், 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது, 2030 தொடக்கத்தில் காலாவதியாகும். விலைவாசி உயர்வோடு 5 சதவீதம் சேர்த்து வருவதுதான் ஆண்டு வரம்பு, எப்படியானாலும் 10-ஐத் தாண்டக் கூடாது. இங்கேதான் அந்த 15 வருகிறது. கட்டி 15 வருடம் ஆகாத கட்டிடத்துக்கு இந்த வரம்பும் கிடையாது. அது நகரும் கணக்கு. இன்று 14 வயதுக் கட்டிடம் அடுத்த வருடம் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஆக, ஜிம்மும் கூரைத் தோட்டமும் உள்ள புதிய கட்டிடத்தில் சட்டப்படி உங்களுக்கு எந்தக் கூரையும் இல்லை. அவர்கள் கொடுக்கும் "ஆறு வாரம் இலவசம்" என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லீஸில் எழுதும் வாடகை 3,600. ஒரு வருட லீஸில் ஆறு வாரம் இலவசம் என்றால் சராசரி மாதம் 3,185 போல வரும், விளம்பரத்திலும் அதைத்தான் போடுவார்கள். அடுத்த வருடம் இலவசம் கிடையாது, 3,600-ன் மேல் 6 சதவீதம் என்று கடிதம் வரும்: 3,816. அவர்கள் காகிதத்தில் அது 6 சதவீதம், உங்கள் பையில் 20 சதவீதம். மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் கட்டிடமாக இருந்தாலும் ஏற்றம் கணக்கிடுவது தள்ளுபடிக்கு முந்தைய எண்ணின் மேல்தான். இந்தக் கடிதம் எங்களுக்கு ஒரு முறை வந்தது. கதவு இடுக்கில் மடித்துச் செருகியிருந்தார்கள். அன்று இரவே நாங்கள் வேறு வீடு தேட ஆரம்பித்தோம், பெரியவன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

பெரிய நிறுவனங்களின் லீசிங் ஆபீஸில் பேரம் பேசும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கோபப்பட்டுப் பயனில்லை. விலையை அவர் வைப்பதில்லை, கம்ப்யூட்டர் வைக்கிறது. இந்த விலை வைக்கும் மென்பொருளை விற்கும் ரியல்பேஜ் மேல் அமெரிக்க நீதித்துறை 2024 ஆகஸ்டில் வழக்கே போட்டது, போட்டி நிறுவனங்களின் தகவலை ஒன்றாகக் கொட்டி விலையைத் தூக்குகிறார்கள் என்று. உங்களுக்கு அதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்றுதான்: செவ்வாய்க்கிழமை கேட்ட விலை வெள்ளிக்கிழமை இருக்காது. பிடித்த வீட்டுக்கு மூன்று வெவ்வேறு நாள் விலை கேளுங்கள். 12 மாதம், 13, 14, 15 என்று லீஸ் கால வாரியாகவும் கேளுங்கள். குளிர்காலத்தில் வீடு காலியாவது அவர்களுக்குப் பிடிக்காது, அதனால் மாதத்துக்கு மாதம் விலை விநோதமாக மாறும்.

தனி வீடு, டவுன்ஹவுஸ், காண்டோ கதை வேறு. கம்பெனி இல்லாத தனி மனிதர் ஓனர் என்றால் மாநில வரம்பு பொருந்தாது. ஆனால் அப்படி விலக்கு உண்டு என்று லீஸிலேயே எழுதித் தந்திருக்க வேண்டும், அந்த வாசகம் இல்லையென்றால் விலக்கும் இல்லை. லீஸ் படிக்கும்போது அந்தப் பத்தியைத் தேடுங்கள். சட்டப்படி பாதுகாப்பு குறைவு என்றாலும், நடைமுறையில் எனக்கு நல்ல அனுபவம் கிடைத்தது தனி ஓனர்களிடம்தான். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியா மக்கள் 1978-ல் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ம் முன்மொழிவின்படி சொத்து வரி வீடு வாங்கிய விலையின் மேல்தான், வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் அந்த மதிப்பு ஏறாது. 1994-ல் வாங்கியவர் இன்றும் 1994-ஐ ஒட்டிய வரிதான் கட்டுகிறார். கடனும் முடிந்திருக்கும். அவருக்கு வாடகை ஒழுங்காக வந்தால் போதும், ஒரு மாதம் காலியாக இருப்பதைவிட நூறு டாலர் விட்டுக்கொடுப்பார். எங்கள் நான்காவது வீட்டின் ஓனர், ஓய்வுபெற்ற வியட்நாமியப் பெரியவர், நான்கு வருடத்தில் இரண்டே முறை ஏற்றினார், இரண்டு முறையும் நேரில் வந்து, தோட்டத்துப் பெர்ஸிமன் பழத்தோடு. கடைசியில் அவர் மகள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று 60 நாள் நோட்டீஸ் தந்தார். நல்லவர்தான். ஆனால் மூட்டை கட்டியது நாங்கள்தானே.

அதே தெருவில் 2022-ல் வாங்கியவர் வீட்டை வாடகைக்கு விடுகிறார் என்றால் அவர் கணக்கு தலைகீழ். இருபது லட்சம் டாலர் வீடு, நான்கு லட்சம் கையிலிருந்து, மீதி கடன். வட்டி ஆறே முக்கால் சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டும், வரி தனியாக இரண்டாயிரம். அந்த வீட்டுக்கு வரும் வாடகை ஐயாயிரம், ஐயாயிரத்து ஐநூறு. அதனால்தான் இங்கே, "வாடகை வீண் செலவு, வாங்கிவிடு" என்ற நம்ம ஊர் உபதேசம் உடனே எடுபடாது. வாடகை மலை போலத் தெரிந்தாலும் வாங்கும் விலையோடு பார்த்தால் பாதிதான். இரண்டு வருடம் வாடகையில் இருந்து ஊரைப் புரிந்துகொள்ளுங்கள். விசா நிலைமையும் தெளியட்டும்.

கூபர்டினோ. இதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பீர்கள். பள்ளிக்காகத்தானே அந்தப் பெயர்? பள்ளி எல்லையும் நகர எல்லையும் ஒன்றல்ல. கூபர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் மேற்கு சான் ஹோசே, சன்னிவேல், சாண்டா கிளாராவின் சில தெருக்களுக்குள்ளும் வருகிறது. கூபர்டினோப் பள்ளிகளோடு சேர்த்துப் பேசப்படும் லின்ப்ரூக் உயர்நிலைப் பள்ளி இருப்பதே சான் ஹோசேயில்தான். மேற்கு சான் ஹோசேயில், 1979-க்கு முந்தைய கட்டிடத்தில், கூபர்டினோ பள்ளி எல்லைக்குள் ஒரு வீடு பிடித்தால் பள்ளியும் கிடைக்கும், 5 சதவீத உச்சவரம்பும் கிடைக்கும். கூபர்டினோ பள்ளிதான் வேண்டும் என்றால், உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இதுதான். அந்த எல்லைக்குள் ஒரே மாதிரி வீட்டுக்கு, தெரு தாண்டினால் கிடைப்பதைவிட மாதம் ஐந்நூறு, அறுநூறு கூடுதலாகக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்ப வேண்டாம், முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளுக்கு ஐந்து வயது. கிண்டர்கார்டனுக்கு மாதம் அறுநூறு அதிகம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, வருடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு ஆகிறது. இந்த வாடகையின் வலியைப் பள்ளிகளே உணர்ந்துவிட்டன. இளம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாமல் மாணவர் எண்ணிக்கை குறைந்து, கூபர்டினோ மாவட்டம் 2022-ல் தொடக்கப் பள்ளிகளையே மூடியது. ஆரம்ப வகுப்புகளுக்கு சாண்டா கிளாரா, சன்னிவேல் பள்ளிகள் தாராளமாகப் போதும். நடுநிலைப் பள்ளி நெருங்கும்போது மாறிக்கொள்ளலாம். என் மனைவி இந்தக் கருத்தை ஏற்கமாட்டாள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

சாண்டா கிளாரா நகரத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் வாடகை எண்ணில் இது தெரியாது. அந்த நகரத்துக்குச் சொந்தமாக மின்வாரியம் இருக்கிறது, சிலிக்கான் வேலி பவர் என்று பெயர். சுற்றியுள்ள ஊர்களுக்கு பி.ஜி.அண்ட்.ஈ. என்ற மின்சாரக் கம்பெனி. சாண்டா கிளாராவில் யூனிட் விலை அதில் பாதிகூட வராது. டேட்டா சென்டர்கள் எல்லாம் அங்கே போய்க் குவிந்ததற்கும் அது ஒரு காரணம். நாங்கள் சாண்டா கிளாராவிலிருந்து சான் ஹோசேக்கு மாறிய முதல் மாதம் பில் தப்பாக வந்துவிட்டது என்று போன் செய்தேன். தப்பு இல்லை. நீங்கள் நாள் முழுக்க வீட்டிலிருந்தே வேலை, கார் மின்சாரக் காராகவும் இருந்தால், இந்த வித்தியாசம் மாதம் நூற்றைம்பதைத் தாண்டும். தெருவின் ஒரு பக்கம் சாண்டா கிளாரா, மறுபக்கம் சான் ஹோசே என்று இருக்கும் இடங்களில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டே போங்கள். அப்படியே தண்ணீர், குப்பை, கழிவுநீர் கட்டணம் வாடகைக்குள்ளா, வெளியிலா என்றும் கேளுங்கள். புதிய அபார்ட்மென்ட்களில் மொத்த பில்லைத் தலைக்கு இத்தனை என்று பிரித்துப் போடுவார்கள், மூன்று பேருக்கு நூற்றைம்பது சுலபமாக வரும்.

டெபாசிட் விஷயத்தில் நல்ல செய்தி. 2024 ஜூலை 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. இரண்டு இடங்களில் மொத்தம் நான்கு வீட்டுக்கு மேல் இல்லாத சிறிய ஓனர் மட்டும் இரண்டு மாதம் கேட்கலாம். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சொர்க்கம். காலி செய்த 21 நாளுக்குள் மீதியைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். 2011-ல் ஒரு ஓனர் கார்பெட் பாழ் என்று 900 டாலரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கார்பெட் நாங்கள் வரும்போதே பழையது. சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல, சிறு வழக்கு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பத்து நாளில் 640 வந்தது. இப்போது சட்டம் இன்னும் தெளிவு. 2025 ஜூலை 1 முதல் தொடங்கும் வாடகைக்கு, ஓனர் குடிவரும் போதே புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். நீங்களும் எடுங்கள். அடுப்பின் உள்பக்கம், குளியலறைக் கதவின் பின்பக்கம், ஜன்னல் சட்டம்.

கடைசியாக லீஸ் காலம். இருவரும் எச்-1பி என்றீர்கள். வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ 60 நாள்தான் அவகாசம், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது: நடுவில் லீஸை முறித்தால் மீதி எல்லா மாத வாடகையும் கட்ட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். கலிஃபோர்னியா சட்டப்படி ஓனர் வேறு ஆள் தேட நியாயமான முயற்சி எடுக்கத்தான் வேண்டும். புது ஆள் வந்தபின் அந்த வாடகையும் உங்களிடம் வாங்க முடியாது. நல்ல இடத்தில் இருக்கும் வீட்டுக்கு மூன்று, நான்கு வாரத்தில் ஆள் வந்துவிடும். ஆகவே நீண்ட லீஸைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை.

எனவே வீட்டைப் பொறுத்துப் போடுங்கள். உச்சவரம்பு உள்ள பழைய கட்டிடம் என்றால் ஒரு வருடம் போதும், ரினியூவலில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். வரம்பு இல்லாத தனி வீடு என்றால், முதல் நாளே இரண்டு வருடத்துக்கு ஒரே வாடகை என்று எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு வருடத்துக்கு ஏற்றவும் முடியாது, தன் மகள் வருகிறாள் என்று ஓனர் உங்களை எழுப்பவும் முடியாது. 15 வயது ஆகாத புதிய அபார்ட்மென்ட்டில்தான் இருப்போம் என்று முடிவு செய்தால், நான் முன்பு சொன்ன பருவக் கணக்கு உதவும். ஜூலையில் 12 மாத லீஸ் போட்டால் அடுத்த ஜூலை உச்சத்தில் மாட்டுவீர்கள். 17 மாதம் கேளுங்கள், டிசம்பரில் முடியும். தரமாட்டேன் என்பார்கள். 15 தருவார்கள், அது அக்டோபரில் முடியும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் குளிர்கால விலையைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு லீசிங் ஆபீஸுக்குப் போனால் 3,816 என்ற கடிதம் 3,650 ஆகும். நாங்கள் ஒரு முறை அப்படித்தான் வாங்கினோம்.

வீடு பார்க்க வரும்போது செவ்வாய் அல்லது புதன் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். கார்போர்ட் நிரம்பித் தெருவில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா, மேல் வீட்டில் யார் நடக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யாராவது தாளிக்கிறார்களா என்று அப்போதுதான் தெரியும்.